பதினான்கு நாள் அனுமதி

1

அம்மா போய் ஒரு வருடம் முடிந்தது. முதல் திதி ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. அண்ணன் காலையிலேயே ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் காரியத்தை முடித்துவிட்டு, ஈர வேட்டியோடு படித்துறையில் நின்று எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தார். நான் வேலைக்குப் போகும் டிராமில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணன் இளைத்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டுப் படம் எதை எடுத்தாலும், அவருக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி அண்ணி நின்றுகொண்டிருப்பார்.

இந்தக் குறிப்பு அண்ணியைப் பற்றியது. திதி அம்மாவுக்கு என்றாலும், அன்று முழுக்க என் நினைவில் இருந்தவர் அவர்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அண்ணியை வளர்மதி என்றும் அண்ணனைப் பன்னீர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். என்னை வீட்டில் கூப்பிடுவது போலக் குணா என்றே விட்டுவிடுகிறேன். என்னை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

2

அண்ணியைப் பற்றிச் சொல்லும் முன் என் வேலையைச் சொல்லியாக வேண்டும்.

வட ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தின் மீன் அறையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே எப்போதும் நம் ஊர் வெக்கைதான். சுவர் முழுக்க அடுக்கடுக்காகச் சிறிய தொட்டிகள். அவற்றில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, நீலக் கோடு போட்ட மீன்கள். வரிக்குதிரை மீன் என்று பெயர். நம் நாட்டு ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் திரிகிற சாதாரண மீன்தான்.

நாள்பட்ட மன அழுத்தம் உடம்பையும் மூளையையும் என்ன செய்கிறது என்பதை எங்கள் குழு இந்த மீன்களை வைத்துப் பார்க்கிறது. இதற்கு மீன் எதற்கு என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள். பதற்றம் வரும்போது மனித ரத்தத்தில் கார்ட்டிசால் என்று ஒன்று சுரக்கும். மீனிலும் அதுவேதான் சுரக்கிறது. எலியில்கூட அது கொஞ்சம் வேறு.

அழுத்தம் கொடுப்பது என் வேலையாக இருந்தது. வலையை விட்டுச் சில நிமிடம் துரத்த வேண்டும். இல்லையென்றால் முதுகு வெளியே தெரிகிற அளவுக்குத் தண்ணீரை இறக்க வேண்டும். பத்து மீனைச் சின்னக் குவளையில் நெருக்கி வைக்க வேண்டும். கூட்டமாக வாழ்கிற மீனைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். எதிலும் காயம் படாது. ஆனால் எது, எந்த நேரத்தில் வரும் என்பது மட்டும் மீனுக்குத் தெரியக் கூடாது. தினமும் ஒன்பது மணிக்கு வலை வந்தால் மீன் அதற்குப் பழகிக்கொள்ளும். ஒன்பது மணிக்குப் பயந்துவிட்டு மீதி நேரம் நிம்மதியாக இருக்கும். அதனால் அட்டவணையைக் குலுக்கிப் போட்டுத்தான் வைத்திருப்போம்.

பதினான்கு நாள் இப்படி. பிறகு அந்த மீனை ஒரு புதுத் தொட்டியில் விடுவோம். சாதாரண மீன் கொஞ்ச நேரம் அடியில் பதுங்கிவிட்டு, மெதுவாக மேலே வந்து சுற்றிப் பார்க்கும். எங்கள் கையில் பட்ட மீன் அடியிலேயே நிற்கும். தீனி போட்டாலும் மேலே வராது. அதைப் படம் பிடித்துக்கொண்டு, மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விட்டு முடித்துவிட்டு, உடம்பில் எவ்வளவு சுரந்திருக்கிறது என்று அளப்போம்.

இதற்கெல்லாம் அரசாங்க அனுமதி வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் தினமும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மூச்சு எப்படி, துடுப்பை மடக்கி வைத்திருக்கிறதா, தின்றதா, ஓரமாக ஒதுங்குகிறதா. வந்த புதிதில் அந்தப் படிவத்தில் 'பெலாஸ்டுங்' என்று ஒரு கட்டம் இருந்தது. அகராதியில் பார்த்தேன். பாரம், சுமை என்று போட்டிருந்தது. நானும் ஒரு வாரம் ஒவ்வொரு மீனையும் எடை போட்டுக் கிராம் கணக்கில் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கட்டம் கேட்டது மீன் படுகிற துன்பத்தின் அளவை. குழுத் தலைவி சிரித்துவிட்டு, "உங்க மீன்கள் எல்லாம் ரொம்ப லேசா இருக்குங்க" என்றார். அந்தக் கதையை இன்றும் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் யாராவது சொல்வார்கள். நானும் சிரிப்பேன்.

என் மகள் யாழினி சின்ன வயதில் சனிக்கிழமைகளில் என்னோடு வந்து தீனி போடுவாள். பன்னிரண்டு வயதில் வருவதை நிறுத்திக்கொண்டாள். இங்கே பிறந்த பிள்ளை. கோபம் வந்தால் ஜெர்மனில்தான் பேசுவாள். அவள் அன்று சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அப்பா, நீங்க பயமுறுத்துறதுக்குச் சம்பளம் வாங்குறீங்க." மனிதர்களுக்கு உதவத்தானே என்றேன். "எந்த மனுஷங்களுக்கு?" என்றாள். 

3

அண்ணனுக்குப் பாலக்கரையில் மோட்டார் காயில் கட்டும் கடை. அண்ணி பக்கத்துத் தெருவில் ஒரு டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தார். திருச்சியில் பாதிப் பேர் கல்யாணம் என் விரல் வழியாத்தான் போயிருக்கு என்று சொல்வார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஆரம்பத்தில் அதற்காக அலைந்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சு போய்விட்டது. அண்ணன் ஸ்ரீரங்கத்தில் கீழ்த்தள வீடாகப் பார்த்துக் குடிபோனார். நான் பத்து நாள் லீவில் ஓடிப்போனேன். யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது. வந்தது என்று சொல்வதுகூடத் தவறு. அண்ணன் அண்ணியைப் பார்த்தார், நானும் பார்த்தேன், அவ்வளவுதான்.

"ரெண்டு மூணு மாசம் லீவு சொல்லிக்கிறேன்" என்றார் அண்ணி. "அதுக்குள்ள எந்திரிச்சு உக்காந்துருவாங்க."

என் பெரியம்மா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை குட்டின்னு இழுக்க யாரு இருக்கா அவளுக்கு, நிம்மதியா பாத்துக்குவா" என்று அண்ணி காதில் விழும்படியே சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அது நியாயமான கணக்காகவே பட்டது.

அம்மா கூப்பிட வழியில்லாமல் தவித்தார். அண்ணி சமையலறையில் இருந்தால் தெரியாது. நான் ஒரு எவர்சில்வர் தம்ளரையும் ஸ்பூனையும் எடுத்து அம்மாவின் இடது கைப் பக்கம் வைத்து, "ஏதாவது வேணும்னா இதைத் தட்டும்மா" என்றேன். அம்மா தட்டினார். முகத்தில் அத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு. எல்லோருக்கும் சந்தோஷம். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்போடு விமானம் ஏறினேன்.

4

அதன் பிறகு ஐந்தரை வருடம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவேன். அண்ணி போனை அம்மா முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பார். அம்மா என்னைப் பார்த்து அழுவார். கடைசியில், "நீங்க எப்படி இருக்கீங்க அண்ணி?" என்று கேட்பேன். "எனக்கென்ன தம்பி, நல்லா இருக்கேன்" என்பார். இரண்டு பேரும் அதை ஒரே மூச்சில் சொல்லி முடிப்போம்.

இரண்டாம் வருடம் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தோம். யாழினிக்கு உறவுமுறை குழம்பும். நான் அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளும் தன் பெரியம்மாவை அண்ணி என்றே கூப்பிட்டாள். "அடியே, நான் உனக்குப் பெரியம்மாடி" என்று அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு அப்படிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த கடைசித் தடவை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் அண்ணிக்கு என் போனில் மீன் அறையைக் காட்டினேன். அவர் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே பார்த்தார். வலை உள்ளே வரும்போது மீன்கள் சிதறி ஓடுவதைப் பார்த்ததும் கை நின்றது.

"இதை எதுக்கு இப்படி விரட்டுறீங்க?"

விளக்கினேன். எந்த நேரத்தில் வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் முக்கியம் என்பதையும் சொன்னேன்.

"எத்தனை நாளைக்குப் பண்ணுவீங்க?"

"பதினாலு நாள் அண்ணி."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல அனுமதி கிடையாதுங்க. ரொம்பக் கொடுமைன்னு சட்டத்துல விட மாட்டாங்க. தினமும் பாரம் பாத்து எழுதணும். ஒரு மீன் ரொம்பச் சோர்ந்து போனா அன்னைக்கே நிறுத்திரணும்."

"பதினாலு நாள்" என்றார் அண்ணி. கேள்வியாகச் சொல்லவில்லை. மேற்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். உள்ளே தம்ளர் சத்தம் கேட்டது. வாழைப்பூவை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனார். நான் மீதி வீடியோவை யாழினிக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

5

போன வருடம் ஒரு வியாழக்கிழமை, மீன்களுக்குத் தண்ணீர் இறக்கும் நேரம், அண்ணன் கூப்பிட்டார். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை.

"டேய் குணா, உங்க அண்ணியைக் காணலடா."

அம்மாவுக்கு டயப்பர் வாங்க மருந்துக்கடைக்குப் போனவர் திரும்பவில்லை. போன் வீட்டிலேயே இருந்தது. அம்மா தம்ளரைத் தட்டித் தட்டி, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். கிடைத்துவிட்டார். காவிரிப் பாலத்தில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். கையில் மருந்துக்கடைப் பை அப்படியே இருந்ததாம். செருப்பு இல்லை. ஒரு பெண் போலீஸ் கவனித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வீடு எங்கே என்றால் தெரியவில்லை. "மூணு மணிக்குக் கஞ்சி கொடுக்கணும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். கஞ்சி யாருக்கு, யாருக்கு என்று விசாரித்துத்தான் கடைசியில் அண்ணன் நம்பர் கிடைத்திருக்கிறது.

"எதுக்குடா அங்க போய் நின்னா?" என்றார் அண்ணன்.  "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடா. ஒரு நாள்கூட முடியலன்னு சொன்னதில்லடா."

அண்ணியின் தம்பி லால்குடியிலிருந்து வந்து அன்று சாயங்காலமே அவரைக் கூட்டிப் போய்விட்டார். அம்மாவோடு அண்ணன் தனியாக இருந்தார்.

புறப்பட வேண்டும் என்றால் என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதியது அச்சில் இருந்தது. அட்டை இல்லாமல் வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. தற்காலிகக் காகிதம் ஒன்று தருவார்கள்; அதற்கு முன்பதிவு ஏழு வாரம் கழித்துத்தான். விடியும் முன்பே போய் வெளிநாட்டவர் அலுவலக வாசலில் நின்றேன். உள்ளே இருந்த பெண்மணி மரியாதையாகத்தான் கேட்டார், யாருக்கு உடம்பு சரியில்லை என்று. அண்ணன் மனைவிக்கு என்றேன்.

"உங்களுக்கு ரத்த உறவா?"

"இல்லை."

"மருத்துவமனையில் இருக்கிறாரா?"

"இல்லை."

"அப்படியானால் அவசரம் என்று எதை எழுதுவது?"

அவர் மொழியில் அண்ணி என்பதற்கு ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லில் எங்கள் அண்ணி இல்லை. எப்படிச் சொன்னாலும் அது தூரத்து உறவாகவே ஒலித்தது. கடைசியில், "என் அம்மா சாகக் கிடக்கிறார்" என்றேன். அது பொய். அம்மாவின் உடம்பு அப்போது அண்ணியின் உடம்பைவிட நன்றாக இருந்தது. பத்து நிமிடத்தில் காகிதம் கிடைத்தது.

6

மனைவி சுமதியையும் யாழினியையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்சி மூலம் அண்ணன் ஏற்பாடு செய்திருந்த பெண் நான்காம் நாள் வரவில்லை. அடுத்து வந்தவரும் ஒரு வாரம் தாங்கவில்லை. அண்ணன் கடையைத் திறந்தாக வேண்டும். ஆக, காலையிலிருந்து இரவுவரை நான்தான்.

அம்மாவைப் புரட்டிப் போடவும், கஞ்சி கொடுக்கும்போது புரையேறாமல் தலையைத் தாங்கவும், துணி மாற்றவும் கற்றுக்கொண்டேன். வேலை கடினம்தான், ஆனால் வேலை என்னை ஒன்றும் செய்யவில்லை. தம்ளர்தான் செய்தது. அம்மாவுக்குத் தண்ணீர் வேண்டும் என்றாலும் தட்டுவார், மின்விசிறி வேண்டாம் என்றாலும் தட்டுவார், சும்மா பக்கத்தில் யாராவது வேண்டும் என்றாலும் தட்டுவார். ஒரு சமயம் ஒரு மணி நேரம் சத்தமே இருக்காது. அந்த ஒரு மணி நேரம் இன்னும் மோசம். சோற்றில் கை வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். குளிக்கும்போது தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் கேட்பேன். எப்போது வரும் என்று தெரியாது. எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம். பதினைந்து வருடமாக என் கையாலேயே அட்டவணையைக் குலுக்கிப் போட்டிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாளோ பதிமூன்றாம் நாளோ, இரவு அண்ணன் வந்த பிறகு வெளியே போய், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓட்டலில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மேசையில் யாரோ ஸ்பூனால் தம்ளரைக் கலக்கினார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பரிமாறுகிறவர், "என்ன சார், சூடா கொட்டிருச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவின் கையிலிருந்து தம்ளரை எடுக்கப் பார்த்தேன். அம்மா விடவில்லை. அந்த இடது கையில் அவ்வளவு பலம் இருந்தது. என்னைப் பார்த்த கண்ணில் பயம் தெரிந்தது. அவருக்கு உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே பேச்சு அது. விட்டுவிட்டேன்.

7

ஒரு ஞாயிறு, அம்மாவை அண்ணனிடம் விட்டுவிட்டு லால்குடிக்குப் பாசஞ்சர் ரயிலில் போனேன். அண்ணியின் தம்பி வீடு வயலை ஒட்டி இருந்தது. நடவு முடிந்திருந்தது. அண்ணி பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். தலைமுடி பாதி கொட்டி, நாற்பத்தொன்பது வயதில் அறுபது வயதுக்காரர் போல இருந்தார். ஐந்தரை வருடமாகப் போனில் அம்மா முகத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். போனைப் பிடித்திருந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாங்க தம்பி. எப்ப வந்தீங்க? சுமதி, பாப்பா எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்றார். எழுந்து போய்க் காபி போட்டுக் கொடுத்தார். அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. 

"அண்ணி, பாலத்துல..." என்று ஆரம்பித்தேன். 

"எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. டாக்டரும் அதத்தான் கேட்டாரு. குதிக்கல்லாம் போகல தம்பி." மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தார். "மருந்துக்கடைல நின்னேன். பில்லு போட நேரமாச்சு. பையை வாங்கிட்டு வெளிய வந்தா திடீர்னு ஒரு பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன். பாலத்துல எறங்கிட்டேன். அங்க சத்தம் பெருசா இருந்துச்சு. லாரி, பஸ்ஸு, ஹாரன். தம்ளர் சத்தம் கேக்கவே இல்ல. நல்லா இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்னு நின்னேன். அவ்வளவுதான்."

"ஏன் அண்ணி சொல்லல? ஒவ்வொரு வாரமும் கேட்டேனே."

அப்போதுதான் அண்ணி என்னை நேராகப் பார்த்தார்.

"கேட்டீங்க தம்பி. ஆனா பதில் சொல்றதுக்கு எடம் விடலியே."

நான் அழுதேன். அவர் அழவில்லை. காபி ஆறுது குடிங்க என்றார்.

8

நான் போன ஆறாவது வாரம் அம்மா இறந்துபோனார். நுரையீரலில் சளி கட்டியது என்றார் டாக்டர். இரண்டே நாள். அலுவலகத்தில் நான் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. அது எதேச்சை என்று அறிவுக்குத் தெரியும். இருந்தும் அந்தக் காகிதத்தை இன்றுவரை கிழித்துப் போட முடியவில்லை.

அண்ணி வந்தார். வந்ததும் நேராக உள்ளே போனார். அம்மாவைக் குளிப்பாட்டியதும், முதுகில் புண் இருந்த இடத்தில் பஞ்சு வைத்ததும், அம்மாவுக்குப் பிடித்த அரக்கு நிறச் சேலையைக் கட்டியதும் அவர்தான். மற்றப் பெண்கள் கை வைக்க வந்தபோது, "அந்தத் தோளு வலிக்கும் அவங்களுக்கு, மெதுவா" என்றார். யாரோ ஒருவர் செத்தவங்களுக்கு என்ன வலி என்றார். அண்ணி தோளை மெதுவாகத்தான் திருப்பினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பாடு ஆனதும், அண்ணி தன் பையை எடுத்துக்கொண்டு தம்பியின் வண்டிக்காக வாசலில் நின்றார். அண்ணன் பின்னாலேயே போனார்.

"எப்ப வர்ற வளரு?"

"வரலைங்க."

"அதான் அம்மா போயிட்டாங்கல்ல. இனிமே உனக்கு என்ன கஷ்டம் இங்க?"

"ஆமாங்க. அவங்க போயிட்டாங்க."

அண்ணனுக்குப் புரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார், நான் விளக்குவேன் என்பது போல. அண்ணி கோபமாக இல்லை. அண்ணனிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "சாப்பாட்டுக்கு மெஸ்ஸுல சொல்லிருங்க. வயித்தைக் காயப் போடாதீங்க." வண்டி வந்தது. போய்விட்டார்.

அண்ணன் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். பன்னிரண்டு மணி நேரம் கடையில் செம்புக் கம்பி சுற்றியவர். அவரைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நானும் அப்படித்தான், நல்லவன். ஞாயிறு தவறாமல் போன் பண்ணியவன். இரண்டு நல்லவர்களுக்கு நடுவில் ஒரு மனுஷி ஐந்தரை வருடம் இருந்தார்.

9

திரும்பி வந்து, முதல் நாள் வலையைக் கையில் எடுத்தேன். தண்ணீரில் விட முடியவில்லை. குழுத் தலைவியிடம் போய் என்னை முட்டை, குஞ்சு வளர்க்கும் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள் என்றேன். அது சின்னப் பதவி. காரணம் கேட்டார். எனக்கு ஜெர்மன் இப்போது நன்றாகவே வரும். ஆனாலும் முதுகு வலி என்றேன்.

யாழினிக்கு மிகுந்த சந்தோஷம். தான் சொன்னதால்தான் அப்பா மாறிவிட்டார் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். என்னை வந்து கட்டிக்கொண்டாள், பல வருடம் கழித்து. நான் திருத்தவில்லை. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் எதைச் சொல்வது? அவளுக்கு எல்லாம் தெரியும்படி நான் சொல்ல வேண்டிய நாள் ஒன்று வரும். இன்னும் துணிவு வரவில்லை.

அந்தத் தொட்டிகளில் இப்போது வேறொருவர் வலை விடுகிறார். ஆய்வு நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அண்ணி மாதிரி ஒருவருக்கு என்றைக்காவது அதிலிருந்து ஒரு மருந்து வரலாம். வந்தாலும், அவருக்கு மருந்து வேண்டும் என்று யாராவது முதலில் பார்க்க வேண்டுமே.

திதி அன்று டிராமை விட்டு இறங்கியதும் அண்ணனிடம் பேசினேன். மெஸ் சாப்பாடு பரவாயில்லை என்றார். பிறகு லால்குடிக்குப் போன் போட்டேன். அண்ணியே எடுத்தார். ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கப் போவதாகவும், விரல் முன்னைப் போல ஓடவில்லை என்றும் சொன்னார். இந்தத் தடவை அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். அவர் நிறுத்திய பிறகும் காத்திருந்தேன்.

"தம்பி, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க அண்ணி."

"நீங்க இனிமே போன் பண்ண வேணாம். உங்க மேல கோவம் இல்ல. சத்தியமா இல்ல. உங்க குரலைக் கேட்டாலே கையில டெட்டால் வாசனை வருது. அப்புறம் ரெண்டு நாளைக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

"சரிங்க அண்ணி" என்றேன்.

"உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அவரே வைத்தார்.

அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. கேட்க முடியாமல் போனதை எல்லாம் எழுதியாவது வைப்போம் என்றுதான் இதை எழுதினேன். லால்குடிப் பக்கம் இருந்து இதைப் படிக்கும் யாருக்காவது, இது இன்னார் என்று அடையாளம் தெரிந்தால், தயவுசெய்து இதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். குணா உங்களைப் பற்றி எழுதியிருக்கிறான், அழுதிருக்கிறான் என்று சொல்லாதீர்கள். அவரை விட்டுவிடுங்கள்.